ஏற்காட்டுக் குளிரில் போன்சாய்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கார்த்திகை தீபம் முடிந்ததுமே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "இலையெல்லாம் தொங்கிப் போச்சுங்க. பனி அடிச்சிருச்சு போலருக்கு. என்ன பண்றதுங்க?" பேசுபவர் சேலத்துக்காரராக இருக்கலாம், ஏற்காட்டுக்காரராக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறுவதில்லை. நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: பனி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

பனி என்ற ஒரு சொல்லுக்கு நாம் மூன்று பொருள் வைத்திருக்கிறோம். விடியலில் இலைமேல் முத்துமுத்தாக நிற்பதும் பனி. மஞ்சக்குட்டைப் பக்கம் எதிரில் வரும் பேருந்தை மறைப்பதும் பனி. ஊட்டியில் புல்வெளியை உப்புத் தூவியது போல வெளுக்க வைப்பதும் பனிதான். முதலாவது பனித்துளி, இரண்டாவது மூடுபனி, மூன்றாவது உறைபனி. சட்டியில் நிற்கும் மரத்துக்கு இவை மூன்றும் மூன்று விதமான காரியத்தைச் செய்கின்றன. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். இங்கே குளிர்காலத்தில் போன்சாயைக் கொல்வது குளிரைவிட, குளிர்ந்த சட்டியை விட்டு வெளியேறாத தண்ணீர். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் வரும்.

மரத்தைத் தொடுவதற்கு முன்

இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். உங்கள் மரம் எந்த ஊர்க்காரன், நேற்று இரவு சட்டியின் பக்கத்தில் எத்தனை டிகிரி.

ஆல், அரசு, இச்சி, புளி, சவுக்கு, காகிதப்பூ, அடெனியம் எல்லாம் வெயிலில் பிறந்தவை. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடும். 10 டிகிரியை நெருங்கினால் இடம் மாற்றி வைக்க வேண்டும். மாதுளை, சீன எல்ம், ஜேட் போன்றவை நடுவில் நிற்பவை, நம் மலைக் குளிரை அனாயாசமாகத் தாங்கும். ஜேட்டுக்கு மட்டும் மண் காய்ந்திருக்க வேண்டும். ஜூனிபர், கருப்பு பைன், மேப்பிள் ஆகியவை குளிர் நாட்டு மரங்கள். இவற்றுக்குக் குளிர் வேண்டும். பாவம் என்று வீட்டுக்குள் தூக்கி வைப்பதுதான் இவற்றுக்குக் கேடு.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிரும். கணக்குப் போட்டால் எட்டு டிகிரி வித்தியாசம். சேலம் அஸ்தம்பட்டி மொட்டைமாடியில் மார்கழி விடியலில் 19 டிகிரியில் சுகமாக நின்ற புளிய மரம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த அன்றிரவே 11 டிகிரியில் நிற்கிறது. நமக்கு ஸ்வெட்டர் உண்டு, அதற்கு இல்லை.

இரவின் குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதைச் சுவரில் மாட்டாதீர்கள். பகல் சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும் சுவர் பொய் சொல்லும். சட்டி இருக்கும் உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் காலையில் பார்த்து எழுதினால், உங்கள் தோட்டத்தில் எந்த மூலை குளிர், எந்த மூலை கதகதப்பு என்று தெரிந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு ஓடும். மேட்டில் உள்ள வாசலைவிடக் கீழே காபிச் செடிகளை ஒட்டியிருக்கும் பள்ளம் இரண்டு டிகிரி குறைந்து காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்று. மூடுபனி இறங்கிய இரவுகளைவிட, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுகளே அதிகக் குளிர். மேகமும் மூடுபனியும் போர்வை மாதிரி நிலத்துச் சூட்டைத் திருப்பி அனுப்பும். வானம் திறந்து கிடந்தால் அந்தச் சூடு மேலே போய்விடும். ஆக, "இன்னைக்கு மூட்டமா இருக்கு, மரத்தை உள்ளே வைக்கணும்" என்று பதறுவது தலைகீழ். மூட்டமான நாளில் கவலைப்பட வேண்டியது ஈரத்துக்கு.

இலை தொங்குகிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது

மிக அதிகமாக வரும் புகார் இது. மிக அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான். என் வீட்டிலும் நடந்தது.

சேலத்தில் எட்டு வருடம் வளர்த்த புளி ஒன்றை ஒரு மார்கழியில் மேலே கொண்டுவந்தேன். நான்காம் நாள் நுனிகள் தொங்கின. தண்ணீர் விட்டேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் விட்டேன். ஐந்து நாள் இப்படியே போனது. பக்கத்து எஸ்டேட் நாற்றங்காலில் முப்பது வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் வழியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கேக்கலீங்க அண்ணா. வேருக்குக் குளிருதுங்க. குளிர்ல அதால குடிக்க முடியலீங்க."

அவர் சொன்னதுதான் நடக்கிறது. வேர் குளிர்ந்தால் தண்ணீரை உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். பத்து மணி வெயில் வந்ததும் இலை வழக்கம்போல ஆவியை விடும். வரவு குறைவு, செலவு அதிகம், இலை தொங்குகிறது. நாம் அதைத் தாகம் என்று நினைத்து ஊற்றுகிறோம். மண்ணின் காற்றறைகளெல்லாம் தண்ணீரால் நிரம்பி வேருக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு அழுகல் பூஞ்சைகளுக்கு வேலை சுலபம். அழுகிய வேரும் தண்ணீர் எடுக்காது, ஆகவே இலை இன்னும் தொங்கும். அப்படியே சுற்றிச் சுற்றி வந்து மரம் போய்விடும்.

என்ன செய்யலாம்? மூங்கில் குச்சி ஒன்றை, ஐஸ்கிரீம் குச்சியைவிட மெல்லியதாக, சட்டியின் அடிவரை செருகி அரைமணி விட்டு எடுங்கள். மேல் மண் காய்ந்தது போலத் தெரிந்தாலும் குச்சியின் கீழ்ப்பாதி கருத்து ஈரமாக வந்தால் தண்ணீர் தேவையில்லை. அடித்துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள். மழை பெய்த மண்வாசம் வந்தால் நல்லது. சாக்கடை வாசம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

அழுகல் வாசம் இல்லையென்றால் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சட்டியைச் சாய்த்து வையுங்கள். ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் துண்டு போதும். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். சட்டிக்குள்ளும் இதே கதைதான். தண்ணீர் வடிந்த பிறகும் அடியில் ஓர் ஈரப் படுகை தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் பருமன், சட்டியின் ஆழம் இல்லை. ஓரடி ஆழத் தொட்டியில் இரண்டு அங்குல ஈரப் படுகை என்பது அடியில் ஒரு மூலைதான். இரண்டரை அங்குல போன்சாய் தட்டில் அதே இரண்டு அங்குலம் என்றால் கிட்டத்தட்ட முழு வேரும் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. சாய்த்து வைத்தால் அந்தப் படுகை ஒரு மூலைக்கு ஒதுங்கி, மிச்ச வேர் மூச்சு விடும்.

சட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே, காலை வெயில் விழும் கிழக்குப் பக்கமாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழை இங்கே டிசம்பர் வரைக்கும் இழுக்கும். பகலெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில் சட்டியின் மண்ணை மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாளால் சரிவாக மறைத்துவிடலாம். வடியும் தண்ணீரைப் பிடிக்கச் சட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அழுகல் வாசம் வந்தாலோ, பத்து நாளாகியும் நிமிராவிட்டாலோ மரத்தைத் தட்டிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக, வெளுப்பாகவோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். கெட்ட வேரை விரலால் இழுத்தால் தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கும். நூலாக வந்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுங்கள். வேரை வெட்டிய அளவுக்கு இலையையும் கொஞ்சம் குறைக்கலாம். கிளையை வெட்ட வேண்டாம். குளிரில் மாற்று நடவு செய்யக் கூடாது என்பது விதி. வேர் அழுகல் அந்த விதிக்கு விலக்கு. காத்திருந்தால் விதி மட்டும்தான் மிஞ்சும்.

மலைக்கு ஏற்ற மண் கலவை பற்றி என் கருத்து உறுதியானது: தென்னை நார்க்கழிவு வேண்டாம். சேலத்து வெயிலில் அது வரம், இங்கே மார்கழியில் ஈரச் சாக்கு. உடைத்த செங்கல்லை 3 முதல் 6 மி.மீ. வரை சலித்துத் தூளைக் கழுவி எடுங்கள். அதில் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப்பங்கு. தூளைச் சலித்து எடுக்காமல் போட்டால் இந்தக் கலவைக்கும் அர்த்தமில்லை.

மருந்தைப் பற்றி ஒரு வரி. டிரைக்கோடெர்மா விரிடி நன்மை செய்யும், உயிருள்ள பூஞ்சை. அதையும் பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் ஒன்றாக ஊற்றினால் காப்பர் அதையும் கொன்றுவிடும். அழுகல் முற்றியிருந்தால் காப்பர், லிட்டருக்கு 2.5 கிராம். இனிமேல் வராமல் காக்க டிரைக்கோடெர்மா, அதுவும் வெயில் திரும்பிய பிறகு. கடுங்குளிரில் அது சோம்பிக் கிடக்கும்.

புளி வைத்திருப்பவர்களுக்கு: இரவில் இலை மடிவது அதன் இயல்பு. மூட்டமான காலையில் விரிய நேரமாகும். பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலை தொங்குகிறது, மண்ணும் காய்ந்திருக்கிறது

இது உண்மையான தாகம். குளிர்காலத்தில் தண்ணீரே வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருப்பார்கள். தை பிறந்தபின் மழை நின்று காற்று வறண்டுவிடும், தட்டு நாம் நினைப்பதைவிட வேகமாகக் காயும். காலை ஒன்பது மணிக்கு மேல், முந்தின நாள் வெயிலில் நிரப்பி வைத்த தண்ணீரை விடுங்கள். சிண்டெக்ஸ் தொட்டியிலிருந்து விடியலில் பிடித்த தண்ணீர் வெப்ப நாட்டு வேருக்கு அதிர்ச்சி. சாயங்காலம் ஊற்றுவதை மாசி வரை மறந்துவிடுங்கள்.

பச்சை இலைகள் திடீரென்று கொட்டுகின்றன

இச்சி வகைகளில், குறிப்பாக வீங்கிய வேருடன் நர்சரியில் விற்கும் ஒட்டு மரங்களிலும் பெஞ்சமினா என்ற வகையிலும், இடம் மாறியதாலேயே இலை கொட்டும். சேலத்திலிருந்து திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களா? மலைப்பாதைக் காற்று ஒரு மணி நேரம் அடித்தாலே இலை உலர்ந்துவிடும். அடுத்த முறை ஈரத் துணியைச் சுற்றி, வண்டிக்குள்ளே வைத்துக் கொண்டுவாருங்கள். முடிந்தால் பங்குனிக்கு மேல் கொண்டுவாருங்கள்.

கொட்டிய பிறகு செய்யக் கூடாதது, மறுபடி இடம் மாற்றுவது. இங்கே வைத்துப் பார்ப்போம், அங்கே வைத்துப் பார்ப்போம் என்று தினமும் நகர்த்துகிறவர்கள் மரத்தைத் திரும்பத் திரும்பப் புது ஊருக்கு அனுப்புகிறார்கள். நல்ல வெளிச்சம், காற்று நேராக அடிக்காத மூலை, அளவான தண்ணீர், அவ்வளவுதான். இலையே இல்லாத மரம் தண்ணீரைக் கொஞ்சம்தான் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உரம் வேண்டாம்.

அரச மரம் மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி உதிர்வது வருடா வருடம் நடப்பது. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

வெள்ளையாக ஏதோ தெரிகிறது

"உறைபனி படிஞ்சிருச்சு" என்று சொல்லி அனுப்பப்படும் படங்களில் நான் இதுவரை ஏற்காட்டில் பார்த்தவை நான்கு வகை. நான்கும் உறைபனி இல்லை.

சட்டியின் விளிம்பிலும் அடித்தண்டிலும் சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் அது ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. கோடையில் சேர்ந்ததுதான், குளிரில் ஈரம் மெல்ல ஆவியாகும்போது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய பல்துலக்கியில் வினிகர் கலந்த தண்ணீர் தொட்டுச் சட்டியை மட்டும் தேய்க்கலாம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

இலையின் மேல் மாவு தூவியது போலத் தெரிந்து விரலால் துடைத்தால் போனால் அது சாம்பல் நோய். பகலில் வறட்சியும் இரவில் ஈரக்காற்றும் மாறி மாறி வரும் தை மாதத்தில் இது கிளம்பும். நெருக்கமாக வைத்த சட்டிகளைப் பிரித்து வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம்.

கிளைக் கவட்டையில் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் சந்தேகமே வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலுடன், வாரம் ஒருமுறை.

பட்டையில் சாம்பல் பச்சையாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அது மரப்பாசி. நம் மூடுபனிக்கு அது சந்தோஷமாக வளரும். எஸ்டேட்டில் உள்ள சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள், தண்டெல்லாம் அதுதான். மரத்துக்கு அதனால் நோவு இல்லை. எனக்கு அது பிடிக்கும், வயதைக் காட்டும். மொட்டுகளை மூடினால் மட்டும் துலக்கி எடுப்பேன்.

இலை ஓரம் மட்டும் கருகிச் சுருள்கிறது

காற்று. சேர்வராயன் கோயில் பக்கத்து மேட்டு நிலங்களிலும் மொட்டைமாடிகளிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். வேர் குளிர்ந்திருக்க, மேலே காற்று இலையை உலர்த்துகிறது. காற்று வரும் திசையில் பச்சை நிழல்வலையைச் சட்டிக்கு ஓரடி தள்ளிக் கட்டுங்கள். பலகைத் தடுப்பு வேண்டாம். அதில் மோதும் காற்று மேலே தாவி, மறுபக்கம் சுழன்று விழும். துளையுள்ள வலை காற்றின் வேகத்தைக் குறைத்து அனுப்பும். மாடியில் மேசைமேல் இருக்கும் தட்டுகளைத் தரையில் இறக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கூட்டமாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடெனியத்தின் அடித்தண்டு மெத்தென்று அமுங்குகிறது

தாமதிக்காதீர்கள். பிடுங்கி, அழுகிய பாகத்தைக் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும் வரை சீவி எடுத்து, காற்றோட்டமான நிழலில் காயம் உலரும் வரை, குளிரில் இரண்டு வாரம்கூட ஆகலாம், சும்மா வையுங்கள். அடெனியம் ஏற்காட்டில் கார்த்திகை முதல் மாசி வரை தண்ணீரே இல்லாமல் ஜன்னலோரம் தூங்க வேண்டிய செடி. இலை எல்லாம் உதிரட்டும். தண்டு கொஞ்சம் சுருங்கினாலும் பயமில்லை, அமுங்கினால்தான் பயம்.

ஜூனிபர் பழுப்பாக, செம்பு நிறமாக மாறியது

கிளை நுனியை மெல்ல வளைத்துப் பாருங்கள். நெகிழ்வாக வளைந்து, தேய்த்தால் வாசம் வந்தால் உயிரோடு இருக்கிறது. குளிர்ந்த இரவும் பளிச்சென்ற பகல் வெயிலும் சேர்ந்தால் ஜூனிபர் இலை நிறம் மங்குவது சகஜம், வெயில் திரும்பியதும் பச்சை வரும். மொரமொரப்பாக உதிர்ந்தால் அது பழைய நோய். ஜூனிபர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும் என்பதால் நீங்கள் பார்ப்பது ஐப்பசி மழையில் அழுகிய வேரின் கணக்காக இருக்கலாம்.

இலை வேகவைத்த கீரை போலக் கருத்துத் தொங்குகிறது

இது ஒன்றுதான் உண்மையான உறைபனி அடி. ஏற்காட்டில் நான் இதைப் பார்த்ததில்லை. ஊட்டியில் உறவினர் வீட்டில் பார்த்தேன். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் மரத்தைக் கொண்டுபோகிறவர்களும், கண்காட்சிக்கு அனுப்புகிறவர்களும் இந்தப் பகுதியை விடாமல் படியுங்கள்.

இலைக்குள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து செல்லைக் கிழித்துவிடுகிறது. உருகியதும் சாறு வெளியே வந்து இலை ஈரமாக, கண்ணாடி போல, பிறகு கருப்பாக ஆகிறது. ஊட்டிப் பக்கம் காந்தலிலும் தலைக்குந்தாவிலும் காலையில் புல்லெல்லாம் வெளுத்திருக்கும்போது செய்தியில் 3 டிகிரி என்று சொல்வார்கள். பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது எப்படி உறையும் என்று கேட்கிறார்கள். வெப்பமானி சுமார் நாலடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். அதனால் 4 டிகிரி என்று கணித்தாலே, இன்னும் வெளியே நிற்கும் வெப்ப நாட்டு மரத்தை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

குளிர் நாட்டு மரங்கள் வெளியே இருக்கட்டும். ஆனால் சட்டி விஷயம் வேறு. நிலத்தில் நட்ட மரத்தின் வேருக்குக் கீழே பூமியின் சூடு இருக்கிறது. தட்டில் உள்ள வேருக்கு நாலு பக்கமும் அடியும் குளிர்க்காற்று. மரத்தில் கிளையைவிட வேர்தான் குளிரைக் குறைவாகத் தாங்கும். மேசையிலிருந்து இறக்கி மண் தரையில் வையுங்கள். விளிம்பு வரை மண்ணில் புதைத்து, மேலே வைக்கோலோ சில்வர் ஓக் சருகோ ஒரு சாண் போட்டால் இன்னும் நிம்மதி. முந்தின நாள் காலையில் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். ஈரமண் பகல் சூட்டைக் காய்ந்த மண்ணைவிட அதிகம் பிடித்து வைக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணைச் சொல்லவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும், நுண்துளை உள்ள சுட்ட மண் சட்டி அதில் வெடித்துவிடும்.

மேலே மூட நாலு குச்சி நட்டு, பழைய பருத்தி வேட்டியோ சாக்கோ தரையைத் தொடும்படி போர்த்துங்கள். தரை வரை தொங்கவிடுவது முக்கியம், மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடிப்பதற்காகத்தான் போர்வை. குடைபோல மேலே மட்டும் கட்டினால் பாதிப் பலன். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளுக்கு மிலார் செடிகளைக் கொண்டு மறைப்புக் கட்டுவார்கள். வானத்துக்கும் இலைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும் என்ற அதே விஷயம்தான்.

இதையும் மீறி உறைபனி படிந்துவிட்டதென்றால் இலையைத் தொடாதீர்கள், தட்டிவிடாதீர்கள். முதல் வெயில் நேராக விழாமல் மறைத்து, மெல்ல உருகவிடுங்கள். வெந்நீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

மேப்பிள் துளிர் ஒழுங்காக வரவில்லை

இது குளிர் அதிகமானதால் வந்ததில்லை, குறைந்ததால் வந்தது. ஜப்பானிய மேப்பிளுக்குப் பல வாரங்கள் 7 டிகிரிக்குக் கீழே தூக்கம் வேண்டும். ஏற்காட்டு மார்கழி 11 முதல் 13 டிகிரிக்குள் நின்றுவிடுகிறது. தூங்காமல் எழுந்த மரம் ஒரு கிளையில் துளிர்க்கும், இன்னொன்றில் துளிர்க்காது, இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். இதற்குச் செய்முறை எதுவும் இல்லை. அந்தச் சிவப்பு இலைக்கு ஆசைப்பட்டு விலைகொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இந்த மலைக்கு மாதுளையும் சீன எல்மும் இச்சியும் போதும்.

உயிர் இருக்கிறதா, போய்விட்டதா?

கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். எதுவரை செத்தது என்று மரமே முடிவு செய்ய மாசி, பங்குனி ஆகும். நகத்தால் பட்டையை எள்ளளவு கீறிப் பாருங்கள். கீழே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர். பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடம் போனது, இன்னும் ஓரங்குலம் கீழே கீறுங்கள். நுனியிலிருந்து தொடங்கி அடிக்கு வாருங்கள். தண்டின் நடுவில் ஆரம்பித்து மரத்தையே ரணமாக்க வேண்டாம். இச்சி, ஆல் என்றால் கீறிய இடத்தில் பால் கசியும், அதைவிட நல்ல செய்தி இல்லை.

உரம் போட்டுத் தேற்றலாம் என்ற எண்ணம் வரும். புதுத் துளிர் இரண்டு இலை விரிக்கும் வரை ஒரு பிடி கூட வேண்டாம். மாற்று நடவு, இலை கிள்ளுதல், கிளையை வளைக்கக் கம்பி கட்டுதல் எல்லாம் சித்திரைக்கு மேல்.

நான் ஐந்து நாள் தண்ணீர் ஊற்றிய அந்தப் புளியில் வேர் முக்கால்வாசி நூலாகிவிட்டது. செங்கல் சல்லியில் நட்டு, கிழக்குச் சன்ஷேடுக்குக் கீழே வைத்தேன். தை முழுக்க மொட்டைக் குச்சியாக நின்றது. வாரம் ஒருமுறை மூங்கில் குச்சியைச் செருகிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அரை லோட்டா விட்டேன். மே மாதம், கோடை விழாவுக்கு வந்த வண்டிகள் ஏரிக்கரை வரை வரிசை கட்டி நின்ற வாரத்தில், முதல் கிளைக்கு ஒரு விரல் கீழே சிவப்பாக ஒரு துளிர் தெரிந்தது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் ஜூன் மாதம் வெட்டி, வெட்டுவாயில் மெழுகு பூசினேன். மரம் இப்போது பழைய உயரத்தில் பாதிதான் இருக்கிறது, கார்த்திகை பிறந்ததும் முதலில் சாய்த்து வைப்பது அந்தத் தட்டைத்தான்.